ஆறாம் வகுப்பின் வாசல்: திருக்கோவிலூர் வட்டாரத்தை முன்வைத்து அரசு நடுநிலைப்பள்ளிகளின் சேர்க்கையும் கல்வித்தரமும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

அரசு நடுநிலைப்பள்ளி ஒன்றில் மாணவர் சேர்க்கை குறையுமானால் அதனை அப்பள்ளியின் தரக்குறைவுக்குச் சான்றாகக் கொள்வது நிருவாகத்திலும் பொதுப்பேச்சிலும் வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளும் தமிழகப் பள்ளி அமைப்பில் கீழிருந்து தொடக்கப்பள்ளியோடும் மேலிருந்து உயர்நிலைப்பள்ளியோடும் ஒட்டப்பட்டே வளர்ந்தன. ஒரே வகுப்பு இருவேறு பள்ளிகளில் இருவேறு மதிப்புடன் நடந்த அவ்வரலாறே சிறுநகர நடுநிலைப்பள்ளியின் இன்றைய சேர்க்கையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆதலால் பள்ளியின் மொத்தச் சேர்க்கையைக் கொண்டு அதன் தரத்தை அளக்க இயலாது; வகுப்புவாரித் தொடர்ச்சியைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நடுநிலைப்பள்ளி, மாணவர் சேர்க்கை, ஊராட்சி ஒன்றியம், ஆசிரியர் பணியிட நிர்ணயம், திருக்கோவிலூர்.

முன்னுரை

தென்பெண்ணையின் தென்கரையில் அமைந்த திருக்கோவிலூர் தமிழியல் ஆய்வாளர்களுக்குப் புதிய ஊரன்று. மலையமான் திருமுடிக்காரியின் தலைநகர், முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த தலம், அட்ட வீரட்டானங்களுள் ஒன்று என அதன் பழமை பலவாறு பேசப்பட்டுள்ளது. கபிலர் தீப்புகுந்த செய்தியைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டும் இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலிலேயே உள்ளது. கோயிலும் கல்வெட்டும் பெற்ற கவனத்தை இவ்வூரின் பள்ளிகள் பெறவில்லை. இத்தனைக்கும் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சந்தையாகவும் பேருந்துச் சந்திப்பாகவும் வட்டத் தலைமையிடமாகவும் இருந்துவரும் இந்நகர், அவ்வூர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி மையமாகவும் இருந்துவருகிறது.

இவ்வட்டாரத்தின் கல்வி வரலாற்றை எழுதுவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் எல்லை பற்றியது. திருக்கோவிலூர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்திற்கும், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்கும் சென்றது. ஆற்றின் வடகரையில் எதிரே நிற்கும் அரகண்டநல்லூரோ விழுப்புரம் மாவட்டத்திலேயே தங்கிவிட்டது. பாலத்தைக் கடந்து அன்றாடம் பள்ளிக்கு வந்துபோகும் பிள்ளைகள் இரு மாவட்டங்களின் கணக்கில் பிரிந்து நிற்கின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒருங்கிணைந்த விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 71.88 விழுக்காடு, மாநிலச் சராசரி 80.09 விழுக்காடு. இந்த இடைவெளி வட்டாரத்தின் பொதுநிலையை உணர்த்துமேயன்றி ஒரு நகரத்தின் பள்ளி எவ்வாறு இயங்குகிறது என்பதை உணர்த்தாது. மாவட்டப் புள்ளிவிவரத்தைவிடப் பள்ளி அமைப்பின் வரலாறே இங்கு நல்ல வழிகாட்டி.

திண்ணையிலிருந்து போர்டு பள்ளிக்கு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கல்வி விசாரணையின் முடிவுகள் 1826 மார்ச் மாதக் குறிப்பில் தொகுக்கப்பட்டன. மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக அக்குறிப்பு கூறுகிறது. அம்மாணவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. இவ்வறிக்கைகளை 1983இல் தொகுத்து வெளியிட்ட தரம்பால், தென்னார்க்காட்டுப் பள்ளிகளில் சூத்திரர் எனவும் பிற சாதியினர் எனவும் அன்றைய அதிகாரிகள் வகைப்படுத்திய மாணவர்களின் பங்கு 84 விழுக்காட்டை எட்டியது என்பதைச் சுட்டிக்காட்டினார். தமிழ் மாவட்டங்களில் இது மிக உயர்ந்த அளவு. எனினும் இந்த வகைப்பாட்டிலிருந்து சேரிப் பிள்ளைகள் திண்ணைப்பள்ளியில் அமர்ந்தனர் என்று முடிவுசெய்ய இயலாது. திண்ணைப்பள்ளியில் வகுப்பு என்ற பிரிவும் இல்லை. எண்சுவடியும் நெடுங்கணக்கும் நிகண்டும் கற்ற பிள்ளை தன் குடும்பத்தொழிலுக்குத் தேவையான அளவில் நின்றுகொண்டது. இடைநிலை என ஒரு படி தேவைப்படவில்லை.

அப்படி உருவானது 1854ஆம் ஆண்டின் சார்லஸ் உட் கல்வி அறிக்கைக்குப் பின்னரே. மானிய முறை வந்ததும் தனியார் பள்ளிகளும் சமயப் பரப்புக் கழகங்களின் பள்ளிகளும் அரசின் ஆய்வுக்கு உட்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டில் கால்கொண்ட டேனிஷ் மிஷன், திருக்கோவிலூரிலும் பள்ளி, மருத்துவமனை ஆகிய பணிகளை நிறுவியது. 1884ஆம் ஆண்டின் சென்னைத் தலவாரியங்கள் சட்டம் வட்டத்திற்கும் மாவட்டத்திற்கும் வாரியங்களை அமைத்தது. அவை நடத்திய பள்ளிகளே மக்கள் வழக்கில் ‘போர்டு ஸ்கூல்’ ஆயின. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் இவ்வமைப்பை விரிவாக்கியது. அதே பத்தாண்டில் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனிப்பள்ளிகளைத் திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப்பள்ளிகளின் முன்னோடிகள் அவை. 1934இல் வட்ட வாரியங்கள் ஒழிக்கப்பட்டபின் பொறுப்பு மாவட்ட வாரியங்களிடம் சேர்ந்தது.

ஒரு வகுப்பு, இரு பாதைகள்

இக்காலத்தில்தான் நம் ஆய்வுப்பொருளின் வேர் உள்ளது. ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளைக்கு முன்னால் இரு பாதைகள் இருந்தன. ஒன்று, உயர்தொடக்கப்பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை பயின்று இ.எஸ்.எல்.சி. எனப்பட்ட தொடக்கப்பள்ளி இறுதிச் சான்றிதழ் பெறுவது. மற்றொன்று, உயர்நிலைப்பள்ளியின் முதல் பாரம், இரண்டாம் பாரம், மூன்றாம் பாரம் என ஏறி எஸ்.எஸ்.எல்.சி. நோக்கிச் செல்வது. வயதும் கல்வியாண்டும் ஒன்றே. ஆனால் முன்னது முற்றுப்புள்ளி, பின்னது தொடர்ச்சி. எட்டாவது தேறியவர் ஆசிரியப் பயிற்சி பெற்று ‘ஹையர் கிரேடு’ ஆசிரியராகலாம். சிறு அரசுப் பணிகளில் சேரலாம். அதற்கு மேல் செல்ல உயர்நிலைப்பள்ளியே வழி. உயர்நிலைப்பள்ளியோ பெரும்பாலும் வட்டத் தலைநகரில் இருந்தது. சிற்றூர்ப் பிள்ளைக்கு நடையும் நகரப் பிள்ளைக்குக் கட்டணமும் தடையாயின.

1953ஆம் ஆண்டின் திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணிநேரமாகக் குறைத்தபோது எழுந்த எதிர்ப்பை இப்பின்னணியில் வைத்துக் காணவேண்டும். ‘குலக்கல்வி’ என்ற கண்டனம் தொழிலை மட்டும் பற்றியதன்று. ஏற்கெனவே குறுகியிருந்த வாசல் மேலும் குறுகுவதைப் பற்றியதுமாகும். 1954 ஏப்ரலில் முதல்வரான காமராசர் அடுத்த மாதமே அத்திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் மதிய உணவு தொடங்கியது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊராரிடமிருந்து இடமும் கட்டடமும் தளவாடமும் திரட்டின. 300 பேர் வாழும் ஊருக்கும் ஒரு தொடக்கப்பள்ளி என்ற இலக்கு முன்வைக்கப்பட்டது. தொடக்க வகுப்புகள் இவ்வாறு பெருகியதன் விளைவு, ஐந்தாம் வகுப்பின் முடிவில் நின்ற கூட்டமும் பெருகியதே.

இரு பாதைகளும் இணைவதற்கு மாறாக, உரிமை அடிப்படையில் மேலும் பிரிந்தன. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின்வழி உருவான ஊராட்சி ஒன்றியங்கள் தொடக்கப்பள்ளிகளையும் உயர்தொடக்கப்பள்ளிகளையும் ஏற்றன. மாவட்ட வாரியங்களின் உயர்நிலைப்பள்ளிகள் காலப்போக்கில் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்தன. பேரூராட்சிப் பகுதிகளில்கூட நடுநிலைப்பள்ளிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரையே தாங்கின. திருக்கோவிலூர் 2021இல் நகராட்சியாக உயரும்வரை பேரூராட்சியாகவே இருந்ததால், ஊரகத்தையும் நகரத்தையும் பிரிக்கும் கோடு இங்கே பள்ளியின் பெயர்ப்பலகையில் புலப்படவில்லை. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 சூனில் அரசு ஊழியராக்கப்பட்டனர். 1986இல் தொடக்கக் கல்விக்குத் தனி இயக்ககம் அமைந்தது. ஆறாம் வகுப்பு ஓரிடத்தில் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழும், சற்றுத் தொலைவில் பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழும் நடந்தது. பாடநூல் ஒன்று, கண்காணிக்கும் அலுவலர், ஆசிரியரின் பதவி உயர்வு வரிசை, ஆய்வகம், விளையாட்டுத்திடல் ஆகியன வேறு.

சிறுநகரத்தின் இருபுறக் கசிவு

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது உயர்நிலைப்பள்ளிகள் பல மேல்நிலைப்பள்ளிகளாக உயர்ந்தன. ஆறாம் வகுப்பில் சேர்ந்தால் பன்னிரண்டு வரை வேறு பள்ளி தேடவேண்டியதில்லை என்ற வசதி பெற்றோரின் கணக்கை மாற்றியது. ஒரு சிற்றூரின் நடுநிலைப்பள்ளிக்குத் தொலைவு ஓரளவு பாதுகாப்பளிக்கிறது. கல்வி உரிமை விதிகள் தொடக்கப்பள்ளிக்கு ஒரு கிலோமீட்டரையும் உயர்தொடக்க வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டரையும் வரையறையாகக் கொள்கின்றன. அரசின் விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கிறது. பத்து வயதுப் பெண்பிள்ளையை அடுத்த ஊருக்கு அனுப்பத் தயங்கும் குடும்பம் உள்ளூர்ப் பள்ளியையே நாடும். நகருக்குள் இருக்கும் நடுநிலைப்பள்ளிக்கு அப்பாதுகாப்பு இல்லை. நான்கு தெரு தள்ளி மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் கேட்டுவரும் பெற்றோர் பள்ளியின் மீது குறைகூறி வருவதில்லை. அடுத்த ஏழாண்டுகளுக்கான இடத்தை இப்போதே உறுதிசெய்ய வருகின்றனர்.

இது மேற்புறக் கசிவு. கீழ்ப்புறக் கசிவு முதல் வகுப்புக்கு முன்னரே நிகழ்கிறது. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் 1970களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகங்களிடமிருந்து மாநில வாரியத்தின் கீழ் வந்தபின் சிறுநகரங்களிலும் பரவின. எல்.கே.ஜி.யில் சேரும் பிள்ளையைப் பள்ளி வேன் வீட்டு வாசலிலிருந்து அழைத்துச் செல்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்கநிலை வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிவுற்ற பிரிவினருக்கு ஒதுக்கியது. அரசுப்பள்ளிக்கு இயல்பாக வரக்கூடிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளையை அரசே கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளிக்கு அனுப்பும் நிலை உருவாயிற்று. இவ்விரு கசிவுகளுக்கும் அரசு காட்டிய எதிர்வினை குறிப்பிடத்தக்கது. 2012–13இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. 2019 சனவரியில் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் வந்தன. பிள்ளைகள் எந்தப் படிகளில் வெளியேறுகின்றனர் என்பதை நிருவாகம் அறிந்தே இருந்தது என்பதற்கு இவையே சான்று.

எண்ணின் சுழற்சி

சேர்க்கை எண் பள்ளியின் நிலையைக் காட்டுவதோடு நிற்பதில்லை. அந்நிலையை உருவாக்கவும் செய்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் நாள் நிலவரப்படி ஆசிரியர் பணியிட நிர்ணயம் நடைபெறுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. அறுபத்தோராவது பிள்ளை வந்தால் மூன்றாம் ஆசிரியர் உண்டு. அப்பிள்ளை சென்றுவிட்டால் அவர் உபரி ஆசிரியராகிப் பணிநிரவலில் வேறு பள்ளிக்குச் செல்வார். எஞ்சிய இருவர் ஐந்து வகுப்புகளையும் சேர்த்து நடத்துவர். ஆறு முதல் எட்டு வரை அறிவியல்–கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்கு ஓராசிரியரேனும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முழுநேரத் தலைமையாசிரியரும் ஓவியம், உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்கான பகுதிநேரப் பயிற்றுநர்களும் அவ்வகுப்புகளில் 100 மாணவரைக் கடந்தால்தான் கட்டாயமாகின்றனர்.

சேர்க்கை குறைகிறது, ஆசிரியர் குறைகின்றனர், பல வகுப்புகள் ஓரறையில் அமர்கின்றன, அதைக் காணும் அடுத்த பெற்றோர் வேறு பள்ளி தேடுகின்றனர். சுழற்சியின் தொடக்கம் ஆறாம் வகுப்பு வாசலில் நிகழ்ந்த இடமாற்றமாக இருக்க, முடிவு மட்டும் ‘தரக்குறைவு’ எனப் பெயர் பெறுகிறது. காரணமும் விளைவும் இடம்மாறி வாசிக்கப்படுகின்றன.

தரத்தை அளந்த கோல்கள்

அப்படியாயின் தரம் எவ்வாறு அளக்கப்பட்டது? இ.எஸ்.எல்.சி. வழக்கில் இருந்த காலத்தில் எட்டாம் வகுப்பின் இறுதியில் ஒரு பொதுத்தேர்வு நின்றது. இன்று அப்பெயர் தனித்தேர்வர்களுக்கு மட்டுமே எஞ்சியுள்ளது. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடத்த 2019இல் வெளியான அறிவிப்பு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அத்தேர்வு மீண்டிருந்தால் முதலில் இடறி விழுந்திருக்கக்கூடியோர் இதுபோன்ற பள்ளிகளின் முதல் தலைமுறை மாணவர்களே. ஆதலால் கைவிட்டது சரியே. எனினும் நடுநிலைப்பள்ளிக்கெனப் பொதுவில் காட்டத்தக்க தேர்ச்சிச் சான்று ஏதுமில்லாத நிலை தொடர்கிறது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் மேல்நிலைப்பள்ளியின் சுவரில் பதாகையாகின்றன. அம்மாணவரின் எட்டாண்டு அடித்தளத்தை இட்ட பள்ளியின் பெயர் அதில் இடம்பெறுவதில்லை. எட்டாம் வகுப்பினருக்கான தேசிய வருவாய்வழி, திறன்வழிப் படிப்புதவித் தேர்வு மட்டுமே இப்பள்ளிகள் தம் பெயரில் சொல்லிக்கொள்ளக்கூடிய வெற்றி. அதில் தேறுவோர்க்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது.

மாதிரி ஆய்வுகள் மாநில அளவிலான போக்கைக் காட்டுகின்றன. ‘ஏசர்’ அறிக்கைகளின்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுள் அரசுப்பள்ளியில் பயில்வோர் 2018இல் தமிழகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர். 2022இல் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர். அதே காலத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கவல்ல ஐந்தாம் வகுப்பினர் ஐந்தில் இருவர் என்ற அளவிலிருந்து நால்வரில் ஒருவர் என்ற அளவுக்குச் சரிந்தனர். சேர்க்கை உயர்ந்தபோது வாசிப்புத்திறன் வீழ்ந்தது. சேர்க்கையும் தரமும் ஒருதிசையில் செல்லும் என்ற எண்ணத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. இரண்டிற்கும் பொதுக்காரணம் கொரோனா காலம். வருவாய் இழந்த குடும்பங்கள் தனியார் பள்ளிகளை விட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளோ 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் முதல் நாளில்தான் முழுமையாகத் திறந்தன.

வாசலின் புதிய மதிப்பு

2020இல் அரசுப்பள்ளி மாணவர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமானது. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாயை உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு வழங்கத் தொடங்கியது. 2024இல் தமிழ்ப்புதல்வன் திட்டம் மாணவர்க்கும் அதனை விரித்தது. இவற்றின் அடிப்படைத் தகுதி ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப்பள்ளியில் பயின்றிருத்தல் என வரையறுக்கப்பட்டது. ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு இவ்வளவு பொருளியல் மதிப்பு முன்னெப்போதும் இருந்ததில்லை. தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இவ்வாசலில் அரசுப்பள்ளிக்குத் திரும்ப இது நல்ல தூண்டுதல்.

ஆனால் அப்பிள்ளை எவ்வாசலில் நுழையும்? நகரில் இரு வாசல்கள் இருக்கையில், பன்னிரண்டு வரை செல்லும் பள்ளியையே குடும்பம் தேர்ந்தெடுக்கும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. இதற்கு எதிராக, தொடக்க வகுப்புகளை நோக்கிய திட்டங்களும் நடுநிலைப்பள்ளியின் மேல்வகுப்புகளுக்கு உதவவில்லை. 2022இல் தொடங்கி 2023இல் விரிவடைந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஒரே வளாகத்தில் தம்பி காலையில் உண்ண, ஆறாம் வகுப்பு அக்காள் மதிய உணவுக்குக் காத்திருக்கும் காட்சி, இம்மூன்று வகுப்புகளும் எவருடைய முதற்பொறுப்பிலும் இல்லை என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

பதிவேடுகளை வாசிக்கும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து ஆய்வுமுறை சார்ந்த ஒரு முன்மொழிவு பிறக்கிறது. பள்ளியின் மொத்தச் சேர்க்கைக்கு மாற்றாக இரு தொடர்ச்சிகளைத் தனித்தனியே கணக்கிடவேண்டும். ஒன்று, ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தோருள் அதே பள்ளியின் ஆறாம் வகுப்பில் அமர்ந்தோர். மற்றொன்று, அங்கு ஆறாம் வகுப்பில் அமர்ந்தோருள் எட்டை முடித்து எங்கேனும் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தோர். எடுத்துக்காட்டாக ஒரு பள்ளியைக் கற்பனை செய்வோம். ஐந்தில் 20 பேர், ஆறில் 8 பேர். அந்த எண்மரும் பின்னர் ஒன்பதாம் வகுப்பை அடைகின்றனர். மற்றொரு பள்ளியில் ஐந்தில் 20, ஆறில் 19; அவர்களுள் 12 பேரே ஒன்பதை எட்டுகின்றனர். மொத்தச் சேர்க்கை இரண்டாவது பள்ளியை உயர்த்திக் காட்டும். பிள்ளைகளைக் கைவிடாத பள்ளியோ முதலாவதுதான்.

இதற்கான ஆவணங்கள் பள்ளிகளிலேயே உள்ளன. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் ஏடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால், சான்றிதழ் பெற்று வேறு பள்ளிக்குச் சென்றவர் யார், நெடுநாள் வராமையால் பெயர் நீக்கப்பட்டவர் யார் என்பது தெரியவரும். முன்னவர் இடமாற்றம், பின்னவர் இழப்பு. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு பெயரும் பிள்ளைகளும், பருவமெய்திய பின் வீட்டில் நிறுத்தப்படும் பெண்பிள்ளைகளும் இரண்டாம் வகையினர். மொத்த எண்ணில் இவ்விரு வகையும் ஒரே கழித்தலாகக் கரைந்துவிடுகின்றன. அலுவலகங்களின் கவனம் முதல்வகையினரைத் தக்கவைக்கும் போட்டியில் செலவாகும்போது இரண்டாம் வகையினர் சத்தமின்றி மறைகின்றனர்.

முடிவுரை

நடுநிலைப்பள்ளியின் ஆறாம் வகுப்பு, முற்றுப்பெறும் பாதையின் எச்சமாகவே இன்றும் பெற்றோர் மனத்தில் நிற்கிறது. இ.எஸ்.எல்.சி. மறைந்தும் அது விட்டுச்சென்ற மதிப்பீடு மறையவில்லை. திருக்கோவிலூர் போன்ற சிறுநகரில் அம்மதிப்பீடு அடுத்த தெருவில் உள்ள மேல்நிலைப்பள்ளியால் அன்றாடம் உறுதிப்படுகிறது. இங்குள்ள நடுநிலைப்பள்ளியின் சேர்க்கைச் சரிவு பெரும்பாலும் இவ்வமைப்பின் விளைவு. அங்குக் கற்பிக்கும் ஆசிரியரின் திறன்மீது வழங்கப்பட்ட தீர்ப்பன்று.

சேர்க்கை குறைந்த பள்ளிகளை இணைப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இவ்வேறுபாடு உயிர்நாடியாகிறது. நகர நடுநிலைப்பள்ளியின் ஆறாம் வகுப்பில் எஞ்சியிருக்கும் எட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும், மாற்றுச் சான்றிதழ் கேட்டுவர ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள். எண்ணைக் கொண்டு அப்பள்ளியை மூடினால் வாசல் இழப்பவர் அவர்களே. மூடுவதா, தொடர்வதா என்ற முடிவுக்கு முன் அவர்களுள் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பை அடைந்தனர் என்ற கேள்வி கேட்கப்படவேண்டும். அதற்கான விடை சேர்க்கைப் பதிவேட்டின் பக்கங்களில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளது.